அம்பாசிடருக்கு எலெக்ட்ரிக் ஃபேன்

புதுப்பேட்டையில் வாங்கிய பழைய மாருதி ஃபேன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என் அம்பாசிடரில் மாட்ட முடியுமா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். மாட்டலாம். ஆனால் ஃபேன் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். வண்டி எப்போது ஹீட் ஆகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறது என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை. அம்பாசிடரின் ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் ஐடிலில் இருந்தால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது குறைவாகத் தருகிறது. எலெக்ட்ரிக் ஃபேன் தீர்ப்பது இந்தக் குறையை மட்டுமே. திண்டிவனம் தாண்டிக் காலியான சாலையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் முள் ஏறுகிறதென்றால் ஃபேனால் பயனில்லை. அறுபதைத் தாண்டிவிட்டால் கிரில் வழியாகப் புகும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அங்கே குறை வேறெங்கோ இருக்கிறது: போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்புப் படிந்து அடைத்த டியூப்கள், வழுக்கும் பெல்ட், பம்ப் உறிஞ்சும்போது சப்பையாகிவிடும் கீழ் ஹோஸ், பின்னுக்குப் போன டைமிங், கசியும் ஹெட் கேஸ்கட். ரேடியேட்டரைக் கழற்றி, டேங்கைப் பிரித்து, ராடு விட்டுச் சுத்தம் செய்தாலே பல வண்டிகளுக்கு இந்த அத்தியாயம் தேவைப்படாது.

மலைப்பாதையில் இரண்டு குறையும் சேர்ந்து வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது இன்ஜின் முழு பாரத்தில் இருக்கும், வண்டியோ இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஃபேன் இங்கே உதவும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 7 பவுண்டு அழுத்தத்தைப் பிடித்தால் சமவெளியில் கொதிநிலை 111 டிகிரி வரை உயரும், மலையிலும் ஏறக்குறைய அதே அளவு கூடுதல் கிடைக்கும். மூடியின் ரப்பர் இறுகி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால், 92 டிகிரியில் ஃபேனைப் போட வேண்டிய ஸ்விட்ச் விழித்துக்கொள்வதற்குள் தண்ணீர் கொதித்து வெளியே வந்திருக்கும். ஆகவே மூடியை முதலில் மாற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று சொல்லி யாரோ ஒரு மெக்கானிக் அதைத் தூக்கிப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். 82 டிகிரியில் திறக்கும் வால்வு ஒன்றைத் திரும்பப் போடுங்கள். அது இல்லாத இன்ஜின் நெடுஞ்சாலையில் தேவைக்கு மேல் குளிர்ந்தும் நெரிசலில் தேவைக்கு மேல் சூடாகியும் ஓடும். ஃபேன் ஸ்விட்சை எந்த வெப்பநிலைக்கு வாங்குவது என்பதற்கும் பிடிமானம் இருக்காது.

முதலில் டைனமோ

எலெக்ட்ரிக் ஃபேன் போடுவது காற்று சம்பந்தப்பட்ட வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கரண்ட் சம்பந்தப்பட்ட வேலை. பழைய வண்டியில் கரண்ட் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்க்காமல் ஃபேன் மாட்டினால், ஹீட் பிரச்சினையைக் கொடுத்துவிட்டு பேட்டரி பிரச்சினையை வாங்கிக்கொள்வதுதான் மிச்சம்.

மழை பெய்யும் இரவில் கத்திப்பாராவில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 10 ஆம்பியர். டெயில் லைட், மீட்டர் விளக்குகள் 2. இக்னிஷன் 4. வைப்பர் 3. இதோடு ஃபேனுக்கு 10 சேர்த்தால் 29 ஆம்பியர். இந்த வண்டி பிறந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்ச அளவே 22 ஆம்பியர்தான். அதுவும் இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலில் அது கிட்டத்தட்ட ஒன்றும் தராது. சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு மங்கலாக எரிவதன் பொருள் அதுதான். ஃபேன் ஓட வேண்டிய அதே நேரத்தில் டைனமோ ஓய்வெடுக்கிறது. 10 ஆம்பியரும் பேட்டரியிலிருந்து போகும். நகர நெரிசலில் ஒரு மணி நேரம் போய் வந்தால் மறுநாள் காலை தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஆகவே டைனமோ உள்ள வண்டியில் ஆல்டர்னேட்டர் மாற்றாமல் எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டாதீர்கள். என் கருத்தில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. பிற்கால வண்டிகளில் ஆல்டர்னேட்டர் இருக்கும். அப்போதும் அதன் மேல் உள்ள தகட்டைப் படியுங்கள். 35 ஆம்பியருக்குக் குறைவாக இருந்தால் பெரியதாக மாற்றுவது நல்லது, ஏனென்றால் தகட்டில் உள்ள எண் உச்ச வேகத்துக்குரியது. ஐடிலில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

மாற்றுவதற்கு முன் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். இப்போது கிடைக்கும் ஆல்டர்னேட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்கானவை. தெரியாமல் மாட்டினால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

எந்த ஃபேன், எந்தப் பக்கம்

மாருதி 800இல் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். அதன் புல்லி சக்கரத்தைப் பார்க்கிறது, ரேடியேட்டரைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அந்த வண்டிக்கு எலெக்ட்ரிக் ஃபேன் கட்டாயமானது, பழைய பொருள் கடைகளில் அந்த ஃபேன் மலிந்து கிடப்பதற்கும் அதுவே காரணம். வாங்கும்போது இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசல் இல்லாமல் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். தண்டை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. கடையிலேயே பேட்டரியில் இணைத்துச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள், கிளாம்ப் மீட்டர் வைத்துக் கரண்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வயர், ஃபியூஸ் எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கப் போகிறது. பன்னிரண்டு அங்குல ஃபேன் 8 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜின் பக்கம் வைத்தால் காற்றை இழுக்கும். முன்னால், கிரில் பக்கம் வைத்தால் தள்ளும். இடம் இருந்தால் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்த ஃபேன் ஓடாத நேரத்தில் காற்றுக்கு இடைஞ்சலாக நிற்கும், மழைத் தண்ணீரும் நேராக மோட்டாரில் அடிக்கும். பழைய ஃபேனைக் கழற்றியபின் ரேடியேட்டர் கோரிலிருந்து பம்ப் புல்லியின் போல்ட் தலை வரை எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து, அதில் 25 மில்லிமீட்டரைக் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் ஃபேனுக்கான ஆழம். அந்த 25 மில்லிமீட்டரை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். சடன் பிரேக் அடிக்கும்போது இன்ஜின் தன் ரப்பர் மவுண்ட்டுகளில் முன்னால் வந்து போகும்.

இழுக்கும் ஃபேனைத் தள்ளும் ஃபேனாக மாற்ற வயரை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று சொல்வார்கள். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், காற்றும் எதிர்ப்பக்கம் வரும் என்பது உண்மை. ஆனால் இறக்கையின் வளைவு ஒரு திசைக்காக வார்க்கப்பட்டது. திருப்பிச் சுற்றினால் சத்தம் கூடும், காற்று குறையும். எப்படி மாட்டினாலும், முடித்ததும் கிரிலுக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அது ரேடியேட்டரை நோக்கி ஒட்ட வேண்டும். வெளியே பறந்தால், ஓடும்போது வரும் காற்றோடு உங்கள் ஃபேன் மல்லுக்கட்டுகிறது என்று பொருள்.

பொருத்துவது

பழைய ஃபேன் பம்ப் புல்லியோடு சேர்த்து போல்ட் போடப்பட்டிருக்கும். அம்பாசிடரில் அங்குல அளவு என்பதால் மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் தலையை உருட்டிவிடாதீர்கள். ஃபேனை எடுத்துவிட்டு அதே போல்ட்டுகளைத் திரும்பப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஃபேனின் கனம் போனதால் போல்ட் இப்போது நீளமாகிவிட்டது. மரை முடிந்து போல்ட் இறுகிவிட்டதுபோல் தோன்றும், புல்லியோ உள்ளே லூசாக இருக்கும். அல்லது போல்ட் முனை பின்னால் நீண்டு பம்ப் உடலில் உரசும். ஃபேன் தகட்டின் கனம் அளவுக்குக் குட்டையான போல்ட் வாங்குங்கள், அல்லது அதே கனத்துக்கு வாஷர் போடுங்கள். ஸ்பிரிங் வாஷரை மறக்க வேண்டாம். பெல்ட் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும், வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் அதில்தான் ஓடுகின்றன.

ரேடியேட்டர் கோருக்குள் பிளாஸ்டிக் டை நுழைத்து ஃபேனைக் கட்டும் ஒரு முறை கடைகளில் உண்டு. பத்து நிமிட வேலை. வேண்டவே வேண்டாம். ஃபேனின் எடை முழுவதும் பித்தளை டியூப்களின் மேல் தொங்கும். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் அது ஆடும், ஆடி ஆடி ஃபின்னைத் தேய்த்து டியூபைத் தொடும். ஒரு மழைக்காலத்துக்குள் பச்சை நிறக் கசிவு தெரியும்.

ரேடியேட்டரின் இரு பக்கமும் உள்ள இரும்புச் சட்டத்தில் எடையை ஏற்றுங்கள். 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டையில் இரண்டு துண்டு எடுத்து, ரேடியேட்டர் போல்ட்டுகள் இருக்கும் துளைகளிலேயே மாட்டும்படி வளைத்து, மேலும் கீழுமாகக் குறுக்கே கொண்டுபோங்கள். ஃபேனின் காதுகள் இந்தப் பட்டைகளில் ரப்பர் புஷ்ஷோடு உட்கார வேண்டும். ரப்பர் இல்லாவிட்டால் மோட்டாரின் அதிர்வு ரேடியேட்டரின் சால்டரிங் வரை போகும்.

இனி கவசம். பட்டறையில் பலரும் ஷ்ரவுட் என்றே சொல்வார்கள். இதை விட்டுவிடத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் ஃபேனைவிட இதில்தான் பலன் அதிகம். உதாரணத்துக்கு, உங்கள் கோர் 45க்கு 40 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 1,800 சதுர சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஃபேனின் வட்டம் ஏறக்குறைய 707. கோரின் மேல் வெறுமனே ஒட்டி வைத்தால் பாதிக்கும் குறைவான இடத்தில்தான் காற்று இழுக்கப்படும். மூலைகளில் உள்ள சூடு அங்கேயே நிற்கும். ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில், கோர் முழுவதையும் மூடும்படி, 40, 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பெட்டி அடித்து, நடுவில் ஃபேன் அளவுக்கு வட்டம் வெட்டச் சொல்லுங்கள். டிங்கருக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. இறக்கை முனைக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டாம். தகட்டின் ஓரம் கோரைத் தொடும் இடத்தில் கதவு பீடிங் ரப்பரை ஒட்டினால் காற்று பக்கவாட்டில் தப்பாது, தகடும் டியூபை அறுக்காது.

தெர்மோ ஸ்விட்ச்

டாஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் வைத்து நானே போட்டுக்கொள்கிறேன் என்பவர்கள் உண்டு. அதை நம்பி வண்டியை டிரைவரிடம் கொடுக்க முடியாது. தானாகப் போடும் ஸ்விட்ச் அவசியம். 92 டிகிரியில் போட்டு 87இல் அணைக்கும் ஸ்விட்ச், 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்குப் பொருந்தும். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குக் கீழே அணையும் ஸ்விட்சை வாங்கிவிட்டால் ஃபேன் நிற்கவே நிற்காது.

அதை மேல் டேங்கில், முடிந்த அளவு தாழ்வாக வையுங்கள். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் ஸ்விட்ச் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், ஆவியில் நின்றால் அதற்குச் சரியாகச் சூடு தெரியாது. அம்பாசிடரின் ரேடியேட்டர் பித்தளை என்பது இங்கே வசதி. ஸ்விட்சை வாங்கி லேத்துக்காரர் கையில் கொடுத்து, அதன் மரைக்கு ஏற்றபடி ஒரு பித்தளை புஷ் கடைந்து வாங்கி, ரேடியேட்டர் கடையில் சால்டர் வைக்கச் சொல்லலாம். டேங்கைத் துளைக்க மனம் வராதவர்கள் மேல் ஹோஸை வெட்டி நடுவே ஒரு உலோகக் குழாயை நுழைத்து அதில் ஸ்விட்சைப் போடலாம். அந்தக் குழாய் இரு பக்கமும் ரப்பருக்கு நடுவே நிற்பதால் அதற்கு எர்த் கிடையாது. தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய உணர்கம்பியைச் செருகி கிளிப்பை இறுக்கும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த இடத்தில் கசியாமல் இருப்பது அபூர்வம்.

மாட்டும் முன் ஸ்விட்சைச் சோதித்துவிடுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஸ்விட்சின் மூக்கு மட்டும் மூழ்கும்படி கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து அடுப்பைப் பற்ற வையுங்கள். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த டிகிரியில் ஒலிக்கிறது, அடுப்பை அணைத்தபின் எந்த டிகிரியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். மேலே அச்சடித்திருக்கும் எண்ணுக்கும் உண்மைக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஒற்றை முனை ஸ்விட்ச் தன் மரை வழியாகவே எர்த் எடுத்துக்கொள்வது. கசிவுக்குப் பயந்து மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் எர்த் போய்விடும். ஃபேன் ஓடாது, காரணமும் லேசில் பிடிபடாது. செப்பு வாஷர் போதும். ரேடியேட்டர் ரப்பர் மேல் உட்கார்ந்திருந்தால் அதிலிருந்து பாடிக்கு ஒரு எர்த் வயர் கொடுங்கள்.

வயரிங்

"அண்ணே, ஹார்ன் லைன்லேயே எடுத்துடலாம்" என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் சொல்லுவார். விடாதீர்கள். ஹார்ன் சில நொடிகள் ஓடும், ஃபேன் அரை மணி நேரம் ஓடும். பழைய துணி சுற்றிய வயர்கள் அந்தச் சூட்டைத் தாங்காது. இக்னிஷன் சாவியிலிருந்து நேராக எடுப்பதும் தவறு. சாவியின் தொடுமுனை கருகுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாவியை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே கரண்ட் உண்டாக்கி இக்னிஷன் லைனுக்குத் திருப்பி அனுப்பும். இன்ஜின் உடனே நிற்காமல் இழுத்து இழுத்து நிற்கும்.

ரிலே வேண்டும். 30 அல்லது 40 ஆம்பியர் எழுதிய சாதாரண ரிலே போதும். அதன் கால்களில் எண்கள் இருக்கும். 30க்கு ஃபியூஸ் வழியாக நேர் கரண்ட். 87லிருந்து ஃபேனின் பாசிட்டிவ். ஃபேனின் நெகட்டிவ், அதே கனமுள்ள வயரில், பெயின்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய பாடி போல்ட்டுக்கு. 86க்குச் சாவி போட்டால் வரும் கரண்ட், மெல்லிய வயர் போதும், ரிலேயின் காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. 85லிருந்து தெர்மோ ஸ்விட்சுக்கு. அந்த 85லிருந்தே இன்னொரு வயரை டாஷ்போர்டு ஸ்விட்சுக்குக் கொண்டுபோய் எர்த் செய்தால், தெர்மோ ஸ்விட்ச் பழுதானாலும் நீங்கள் கையால் போட்டுக்கொள்ளலாம். ஐந்து கால் ரிலே வாங்கியிருந்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதில் எதையும் மாட்டாதீர்கள். ரிலே அணைந்திருக்கும்போது கரண்ட் அதில்தான் வரும்.

நேர் கரண்டை பேட்டரியிலிருந்தும் எடுக்கலாம், ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்தும் எடுக்கலாம். டாஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டி என்றால் இரண்டாவதே சரி. அந்த மீட்டர் பேட்டரிக்குள் போவதையும் பேட்டரியிலிருந்து வருவதையும் காட்டுவது. ஃபேனை பேட்டரி முனையில் மாட்டினால், ஃபேனுக்குப் போகும் கரண்டையும் அது சார்ஜ் என்று காட்டும். பேட்டரி காலியாகிக்கொண்டிருந்தாலும் முள் நல்ல பக்கம் நிற்கும். எங்கிருந்து எடுத்தாலும் ஃபியூஸ் அந்த முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் ஃபேனுக்கு 20 ஆம்பியர் ஃபியூஸ், கிளம்பும் இழுப்பைத் தாங்கும்.

வயர் கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். போக வர மொத்தம் நான்கு மீட்டர் என்றால், 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியருக்கு 0.7 வோல்ட் வழியிலேயே தொலையும். 2.5 வயரில் 0.28தான். 15 ஆம்பியர் இழுக்கும் ஃபேனுக்கு 4 சதுர மில்லிமீட்டர். வீட்டு வயரின் சாதாரண உறை 70 டிகிரிக்கானது, இன்ஜின் பக்கத்தில் அது இளகும். வண்டிக்கான வயரையே வாங்குங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம், அந்த டேப்பின் பசை முதல் கோடையிலேயே வழிந்துவிடும். லக் வைத்துக் கிரிம்ப் செய்து சுருங்கும் உறை போடுங்கள். தகட்டுத் துளை வழியே வயர் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் குரோமெட் வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஃபேன் தானாகக் கிளம்ப வேண்டும், சில நிமிடங்களில் தானாக நிற்க வேண்டும். கிளம்பி நிற்கவே இல்லை என்றால் கவசத்தில் காற்று தப்புகிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் ஓடும்போது மல்டிமீட்டரை மோட்டாரின் இரு முனைகளிலும் வைத்து, பிறகு பேட்டரியிலும் வையுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை, பெரும்பாலும் எர்த். ஹெட்லைட்டையும் வைப்பரையும் போட்டு ஐடிலில் பேட்டரியை அளந்தால் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் ஐடிலைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது ஆல்டர்னேட்டர் புல்லியைச் சிறியதாக மாற்றுங்கள்.

கழற்றிய பழைய ஃபேனையும் அதன் நீள போல்ட்டுகளையும் எண்ணெய்த் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். கூடவே இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸும், இரு முனையிலும் லக் வைத்த ஒரு சாண் வயரும். வழியில் ஃபேன் ஓடாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலேயைப் பிடுங்கி அதன் சாக்கெட்டில் 30க்கும் 87க்கும் நடுவே அந்த வயரைச் செருகுங்கள். ஃபேன் சுற்றினால் குறை ரிலேயிலோ ஸ்விட்சிலோதான், அப்படியே ஊர் போய்ச் சேரலாம்; வண்டியை நிறுத்தியதும் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். அப்போதும் சுற்றவில்லை என்றால் மோட்டாரின் எர்த் லக்கை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, அங்குல ஸ்பேனரை எடுங்கள்.